கையில் வந்த பெட்டியும் காணாமல் போன ஒரு ஏக்கரும்

இயேசு மரி சூசை துணை

கச்சிராயபாளையம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பி ஜானுக்கு, அக்கா அனிட்டா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு அனைவரும் நலம். உன் நலத்தையும், பெங்களூர் மெஸ் சாப்பாட்டுக்குப் பிறகு மிச்சமிருக்கும் உன் வயிற்றின் நலத்தையும் அறிய ஆவல். ‘அனைவரும் நலம்’ என்று எழுதியது முறைக்காக. இந்தக் கடிதத்தை நான் முடிப்பதற்குள் அந்த அனைவரில் எத்தனை பேர் முழுசாக வீடு வந்து சேருவார்கள் என்று எனக்கே தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருஷமாக டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் பெட்டியை மட்டும் செய்துவந்த உங்கள் கம்பெனி, இனிமேல் கையிலேயே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒன்றும் செய்து விற்கலாமா, கூடாதா என்று நாளைக்கு மீட்டிங். அதற்காக ஒரு மாதிரிப் பெட்டியை நம் வீட்டுக்கு அனுப்பி, “ஒரு தாயா உன் கருத்த எழுதுக்கா, மீட்டிங்ல வாசிக்கிறேன்” என்றாய். ஒரு தாயாக, ஒரு மருமகளாக, விலங்கியல் படித்த பட்டதாரியாகச் சொல்கிறேன்: வேண்டாம். ஏன் என்பதை உங்கள் முதலாளிக்கும் விளங்கும்படி விவரமாகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

முதலில் குழந்தை. பார்சல் வருவதற்கு முன்னாலேயே நான் தயாராகிவிட்டேன். ஏஞ்சலினுக்கு ஆறு வயசு, கண்ணு கெட்டுடும், கழுத்து கோணிக்கும், தூக்கத்துல பட்டன் அமுக்குவாளோன்னு பயந்து கேரட் வாங்கி வெச்சி, டைம் டேபிள் போட்டு ஃபிரிட்ஜ் மேல ஒட்டி, கண் டாக்டர் நம்பர்கூட கேட்டு வாங்கிட்டேன். பார்சலைப் பிரிச்சா, உன் மருமக பெட்டிய திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, “இன்னாம்மா, டிவிய தொவச்சிட்டியா? சுருங்கிப் போச்சே!”ன்னு கேட்டுட்டு, அதைச் சுத்தியிருந்த குமிழ்க் கவரை எடுத்துக்கினு போய்ட்டா. இன்னி வரைக்கும் அதத்தான் பட்டு பட்டுன்னு ஒடச்சிக்கினு இருக்கா. கேரட்டெல்லாம் அல்வா பண்ணிட்டேன்.

புள்ள விட்டத மாமா புடிச்சிக்கினாரு. இங்கதான் ஆபத்தே ஆரம்பம். உனக்குத் தெரிஞ்ச கதைதான், ஆனா உங்க முதலாளிக்குத் தெரியணுமே. என் மாமனார் சவரியப்பன் விவசாயி. என் வூட்டுக்காரர் மார்ட்டின் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார். போன ஈஸ்டர் அன்னிக்கி, கறிக்குழம்பு ஊத்திக்கினு இருக்கும்போது அவரு, “யப்பா, மேக்கால இருக்கிற ஒரு ஏக்கர பிளாட்டு போட்டு வித்துடலாமா?”ன்னு ஒரு வார்த்த கேட்டாரு. அவ்ளோதான். அன்னியிலேர்ந்து அப்பனும் புள்ளையும் பேசிக்கிறதில்ல. நாத்தனார் பிரசவத்துக்குப் போன அத்தையும் இல்லாததால தூது போறது முழுக்க நான்தான். “அனிட்டா, உன் வூட்டுக்காரன் வண்டிய ஓரமா வெக்கச் சொல்லு.” “அனிட்டா, உங்க மாமாவ மாத்திர போடச் சொல்லு.” ரெண்டு பேரும் எதிரெதிரே நின்னுக்கினுதான் இதச் சொல்றது. சோறுகூட ரெண்டு பந்தி.

இந்த வூட்ல அவங்க ரெண்டு பேரும் நேருக்கு நேரா பேசுற ஒரே நேரம், ராத்திரி ஜெபமால முடிஞ்சதும் நீ போன வருஷம் குடுத்த அந்தப் பழைய பெட்டிய டிவில மாட்டி கிரிக்கெட் ஆடுறப்பதான். “போடு பாக்கலாம், வாத்தியாரே!” “இது ஒங்க மரவள்ளிக்காடு இல்லப்பா, பாத்து ஓடு!” நான் சமையக்கட்டுல நின்னுக்கினு அந்த ஏச்சுப் பேச்சக் கேட்டு மாதாவுக்கு நன்றி சொல்லுவேன். டிவி ஹாலை விட்டு நகராது, டிவிய விட்டுப் பெட்டி நகராது, பெட்டிய விட்டு அவங்க நகர மாட்டாங்க. இதாண்டா அந்தப் பெட்டியோட பெருமையே!

அத நீ கையில குடுத்து அனுப்பிட்ட. மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்ட்டு எப்ப வரும்னு தெரியாம மோட்டார் கொட்டாயில காத்துக் கெடக்கிற மாமா, “இன்னாம்மா இது சிலேட்டு?”ன்னு கேட்டாரு. நான்தான் புத்தியில்லாம அதுல இருக்கிற பண்ண விளையாட்டக் காட்டினேன். “மூணு நிமிசத்துல சோளம் வெளயுதா? எந்த உரக்கடையில வாங்குனான்?”ன்னு கேட்டுக்கினே எடுத்துக்கினு போனவரு போனவருதான். ஹாலுக்கு வர்றதே கெடயாது. என் வூட்டுக்காரரு ரெண்டு ரிமோட்டையும் எடுத்து வெச்சிக்கினு டிவி முன்னாடி ஒக்காந்து, “அனிட்டா, உங்க மாமா வரலியா?”ன்னு கேட்டாரு. பாவமேன்னு நான் ஆட ஒக்காந்தேன். மொத பந்துலயே அவுட்டு. ரெண்டாவதுல எங்க ஆளையே நான் ரன் அவுட் பண்ணிட்டேன். டிவிய நிறுத்திட்டு அவரு பேப்பர் திருத்தப் போய்ட்டாரு.

இன்னிக்கிக் காலையில கோயில் கூத்தக் கேளு. பூசையில, ஃபாதர் அப்பத்தத் தூக்கிப் புடிச்சிக்கினு இருக்காரு, ஈ பறந்தா கேக்கும், அப்படி ஒரு அமைதி. மாமாவோட மஞ்சப்பையிலேர்ந்து “ம்ம்மா...”ன்னு ஒரு சத்தம். வெளயாட்டுல அவரு வாங்குன பசுவுக்குப் பசியாம். ஊரே திரும்பிப் பாக்குது. நான் பையப் புடுங்குறேன், அவரு விடல. “இரும்மா, ஒரு வா புல்லு போட்டுட்டா கம்முனு ஆயிடும்!” பூசை முடிஞ்சி ஃபாதர் சிரிச்சிக்கினே, “அடுத்த வாரம் மாட்ட வெளிய கட்டிட்டு வாங்க சவரியப்பன்”னாரு.

அந்த வெக்கத்துல நான் பெட்டியப் புடுங்கி பீரோ மேல வெச்சேன். மதியானம் என் வூட்டுக்காரரு அத எடுத்து வெச்சிக்கினு குந்தியிருந்தாரு. பாக்க ஆசையாத்தான் இருந்துச்சி, விட்டுட்டேன். சாயங்காலம் மாமா எப்படியோ கண்டுபுடிச்சி எடுத்துக்கினு கொல்லிக்கு, அதான் மோட்டார் கொட்டாய் இருக்கிற நெலத்துக்கு, போய்ட்டாரு. ஜெபமால முடிச்சி நாங்க எழுந்திருக்கிறோம், வாசல்ல இடி விழுந்த மாதிரி ஒரு கொரலு.

“டேய் மார்ட்டினு! என் ஒரு ஏக்கர வித்தவன் எவன்டா?”

அத்தன மாசம் கழிச்சி, கிரிக்கெட்டுக்கு வெளிய, பேரு சொல்லிக் கூப்புட்ட மொதப் பேச்சு அதுதான்! மதியானம் அவரு கம்முனு மாட்டுக்குப் புல்லு போட்டுட்டு வெச்சிருக்கக் கூடாதா? மாமாவோட வெளயாட்டு நெலத்துல மேக்கால ஒரு ஏக்கர வித்து ட்ராக்டர் வாங்கியிருக்காரு.

“ட்ராக்டர் இல்லாம எத்தன நாளு மாட்ட வெச்சே உழுவீங்க? கணக்கு ஒதைக்குதுப்பா!”

“நெசத்துல விக்க வுடலன்னு இதுல வித்துட்டியா நீ?”

“அது கேம்ப்பா!”

“எனக்கு அது கொல்லிடா!”

மாமா பெட்டியத் தூக்கிக்கினு மோட்டார் கொட்டாய்க்குத் திரும்பி நடந்தாரு. பேண்ட்டு சட்டையோட அவரும் பின்னாலயே கத்திக்கினு போனாரு. டார்ச்சுகூட எடுக்கல. அங்க கெணறு இருக்கு, மண்வெட்டி இருக்கு. போனப் பண்ணுனா ரெண்டு போனும் டிவி மேலயே அடிக்குது. தூங்குற புள்ளைய விட்டுட்டு நான் எப்படிப் போவேன்? அதனாலதான் ஒக்காந்து இத எழுதுறேன்.

ஆகையால், கம்பெனிக்கு என் பணிவான முடிவு: பெட்டி ஹாலில் இருக்கும்வரைதான் வீடு வீடாக இருக்கும். கையில் குடுத்தால் ஆளுக்கொரு திசை. வேண்டாம், வேண்டாம், வேண்டாம். காலையில் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், மீட்டிங்கில் வாசிப்பதற்கு முன் நீ ஒருமுறை வாசித்துவிடு.

உன்னையும் உன் வேலையையும் மாதாவின் பாதத்தில் வைத்து, வேளைக்குச் சாப்பிடச் சொல்லி முடிக்கும்,
உன் அக்கா,
அனிட்டா மார்ட்டின்

பி.கு.: பேனாவ மூடுனேன், கேட்டு தொறக்கிற சத்தம். ரெண்டு பேரும் முட்டி வரைக்கும் சேறு, சிரிச்சிக்கினு வராங்கடா! பாதி சண்டையில த்ரீ பேஸ் வந்துடுச்சாம். சண்டைய அப்படியே வுட்டுட்டு மாமா மோட்டாரப் போட, இவரு பேண்ட்ட சுருட்டிக்கினு மட வெட்டியிருக்காரு. தண்ணி பாயுற வரைக்கும் இருக்கிறது ஒரே பெட்டிதானே, மாத்தி மாத்தி ஆடி, வித்த ஏக்கரத் திரும்பவும் வாங்கிட்டாங்களாம். “ட்ராக்டரு நல்லாத்தான் உழுவுது. நெசத்துலயும் அந்த மேக்கால ஏக்கர்ல ஒனக்குப் புடிச்ச காய்கறியப் போட்டுக்கோ. பிளாட்டுக்குக் கல்லு நட்ட, அங்கயே உன்ன நட்டுடுவேன்”னு மாமா சொல்ல, இவரு “செரிப்பா”ங்கிறாரு. “அனிட்டா, சோத்தப் போடும்மா, ரெண்டு பேருக்கும்”னு ஒண்ணாக் குந்திட்டாங்க. அதனால பெட்டிய விக்கச் சொல்லுடா, உடனே விக்கச் சொல்லு. மீட்டிங்ல வாசிக்கும்போது மேல நான் ‘வேண்டாம்’னு எழுதியிருக்கிற எடம் வந்தா இருமி மறச்சிடு. ஒரே ஒரு நிபந்தன: வூட்டுக்கு ஒண்ணுதான் விக்கணும். ரெண்டாவது கேட்டு யாரு வந்தாலும் இல்லன்னு சொல்லிடணும், கேக்கறது நானாவே இருந்தாலும்.