படத்தின் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும்

ஜோக்ஜகார்த்தா,
ஆகஸ்ட் 3

ரோட்டர்டாமில் இருக்கும் அருமை மகள் வெனிங்குக்கு,

ஆண்டவன் அருளால் நான் சுகம். உன் சுகத்தையும் அவனிடமே தினம் விசாரித்துக்கொள்கிறேன், உனக்குத்தான் போனை எடுக்க நேரமில்லையே.

நிற்க. நீ விட்டுப்போன படம் போடும் இயந்திரத்தால் தெருவே இரண்டாகிவிட்டது. எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதற்கென்று ஒரு படம் வரும் என்று சொல்லிவிட்டு மூன்று வருடம் முன்பு விமானம் ஏறினாய். எண்ணுக்கு நான் எங்கே போவேன்? நீ பிறந்தது வெள்ளிக்கிழமை, கிளிவோன் நாள். நம் ஜாவா கணக்கில் வெள்ளிக்கு ஆறு, கிளிவோனுக்கு எட்டு, ஆகப் பதினாலு, அதைக் கொடுத்தேன். கோடெல்லாம் வலப்பக்கம் சாய்ந்து, உன் கையெழுத்து மாதிரியே ஒரு படம் வந்தது. அதைச் சுதந்திர தினக் கண்காட்சிக்குக் கொடுக்கப் போனால், வரைந்தவர் படத்தின் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். பக்கத்து வீட்டு தர்சோனோ, "பொண்ணு ஹாலந்துல, படம் இங்க. வரைஞ்சது மெஷின், அதையே நிக்க வைங்க" என்றார். "சோத்தை வேகவைக்கிறது குக்கர்தான். சாப்பிட்டுட்டு குக்கரையா பாராட்டுறீங்க, உங்க வீட்டம்மாவையா?" என்று கேட்டேன். "எங்க வீட்ல குக்கரைத்தான்" என்று அவர் சொல்லி வாயை மூடவில்லை, அவர் மனைவி போனிரா அக்கா பின்னால் நிற்கிறார். அன்றிலிருந்து தர்சோனோவுக்கு நம் வீட்டில்தான் சாப்பாடு, அதுவும் என் சமையல். பாவம், மனுஷன் இளைத்துவிட்டார். வட்டத் தலைவர் நிறைய யோசித்து, "படம் கோணலா இருக்குன்னு எவனாச்சும் சொன்னா யாருக்கு வலிக்குமோ, அவங்க நிக்கட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

நீயோ, எப்போதாவது போனை எடுத்தால், "மெஷினுக்குக் கட்டளை மட்டும்தாம்பா நான் எழுதினேன், படம் எப்படி வரும்னு எனக்கே தெரியாது" என்கிறாய். உன்னைப் பெற்றபோது நீ எப்படி வருவாய் என்று எனக்கு மட்டும் தெரியுமா? ஆனாலும் என் மகள் என்றுதானே ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். ஆகவே படம் உன்னுடையது, சுதந்திர தினமான பதினேழாம் தேதி நீ வந்து நின்றே ஆக வேண்டும். வீடும் வெறிச்சென்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நோய்நொடி இல்லாமல், வேளைக்குச் சூடான சோறு கிடைத்து, நீ நன்றாக இரு.

உன் அப்பா,
ஹர்ஜோசோ

பி.கு: நீ நிற்க வேண்டாம், நான் நின்றாலே போதும் என்று தலைவர் நேற்றே சொல்லிவிட்டார். இயந்திரத்தின் பேனாவில் மை தீர்ந்தும் இரண்டு மாதம் ஆகிறது. இருந்தாலும் தினம் காலையில் பதினாலு என்று கொடுக்கிறேன். வெறுந்தாளின் மேல் அந்த இயந்திரக் கை சாய்வாகப் போகும், கொஞ்சம் தயங்கும், மறுபடி போகும். முடிகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். மை வாங்கி அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லாதே, நீ வா.