நடமாட்டம் இல்லாத சந்து

இந்த உலகத்தில் நாற்காலியை விட்டு எழாமலே கொசுவை வென்ற ஒரே அலுவலகம் எங்களுடையது. ஜகார்த்தா மக்கள் தினமும் எங்கே போகிறார்கள் என்று சமூக ஊடகத்தில் அவர்களே போடுகிறார்கள். அதை வரைபடத்தில் புள்ளியாக்கி, புள்ளி மண்டும் இடத்துக்கு டெங்குக் கொசுவுக்குப் புகையடிக்கும் வண்டியை அனுப்புவோம். இதற்குப் பெயர் 'அறிவியல் நடமாட்டம்'.

இந்த அருமை புரியாதவர் எங்கள் அலுவலகத்தைப் பெருக்கும் இபு துமினா மட்டும்தான். கால்வாயோரம் அவர் சந்தில் ஆறு பேருக்குக் காய்ச்சல். அவர் மகள் ராத்ரியும் படுக்கையில். வண்டி வேண்டும் என்றார். வரைபடத்தைப் பார்த்தேன்.

"உங்க சந்துல ஆளே இல்லையேம்மா."

"அப்ப நான் எங்கேருந்து வரேன் தம்பி?"

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. சந்துப் பிள்ளைகள் வாசலில் குந்தி நூடுல்ஸ் தின்றாலும், பதிவேற்றும் படத்தில் இடம் என்று குறிப்பது ஊரின் பெரிய மால். காய்ச்சலில் கிடந்த ராத்ரிகூட மாலில் காபி குடிப்பதாகத்தான் போட்டிருந்தாள். ஆகவே மாலுக்கு மூன்று முறை புகையடித்தோம். அங்கே துணிக்கடை பொம்மைகளில் ஒன்றுக்குக்கூட இன்றுவரை டெங்கு இல்லை.

துமினா வீடு வீடாகப் போய் உண்மையைப் போடச் சொன்னார். மறுநாள் மதியம் நாற்பது பதிவுகள்: அதே சந்து, அதே வரி, 'காய்ச்சல், வண்டி அனுப்புங்க'. ஒரே இடம், ஒரே வரி என்றதும் எங்கள் கணினி அவற்றைப் 'போலிக் கணக்குகள்' என்று பிடித்துவிட்டது. நேரில் ஒருவர் போய்ப் பார்க்கலாமே என்று துமினா கெஞ்சினார்.

"போய்ப் பாக்கறதெல்லாம் பழைய முறைம்மா" என்றார் எங்கள் தலைவர் பாக் ஹெந்தார்த்தோ. அந்த நாற்பது பதிவுகளையும் நீக்கும் தாளில் நான் கையெழுத்திட்டேன். எனக்கு அந்தச் சந்து தெரியும். பஸ்ஸில் பத்து நிமிஷம்.

நான்காம் நாள் வரைபடத்தில் புள்ளிகள் மண்டின, அரசு மருத்துவமனையில். சந்தே அங்கே படுத்திருந்தது. வண்டி பறந்தது. தலைவர் கைதட்டினார், நானும் தட்டினேன்.

மகளின் கட்டிலருகிலிருந்து துமினா போன் செய்தார். "வண்டி வந்துடுச்சு தம்பி. வீட்டுக்கு வரல, வார்டுக்கு வந்துச்சு. இவ இன்னும் கண்ணு முழிக்கல."

அலுவலகம் நான்கு நாளாகப் பெருக்கப்படவில்லை. அந்தக் குப்பைக்கு நடுவில்தான் எனக்கு இந்த ஆண்டின் 'தூய்மையான தரவு' விருதை வழங்கினார்கள். நாற்பது வீட்டைத் துடைத்தெடுத்தவன் நான்தானே.