கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கதிரை

மட்டக்களப்பு வாவிக்கரையில் மைக் பிடிக்கிற எந்தப் பேச்சாளரும் இரண்டு விஷயங்களுக்குப் பயப்படுவார். ஒன்று மின்வெட்டு. மற்றது எங்கள் ஊர்க் கைதூக்கியார். மின்வெட்டாவது கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டி ஓய்வு பெற்றவர் என்பதால் சம்பளப் பட்டியலிலாவது அது இருந்திருக்கும். ஊரில் யாருக்கும் தெரியாது. எந்தக் கூட்டத்திலும் முன்வரிசையில் இருந்து வலது கையை உயர்த்துவார். பேச்சாளர் பார்க்காத மாதிரி நடித்தால் இடது கையும் சேர்ந்து உயரும். "ஒரு சின்னச் சந்தேகம் ஐயா. இதுக்கு என்ன ஆதாரம்?" என்பார். அதற்குப் பிறகு கூட்டம் கூட்டமாக இருக்காது.

அவரை நாத்திகர் என்று நினைத்துவிடாதீர்கள். விடிந்ததும் முழுகி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கோயில் கதவு திறக்குமுன் வாசலில் நிற்பவர். ஆனால் கடவுளின் பெயரால் யாராவது சொற்களை வெட்டி ஒட்டினால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. "சாமிக்கு என்னத்துக்குப் பொய்ச்சாட்சி?" என்று கேட்பார்.

ஒருமுறை ஒரு பேச்சாளர், நிலம் தோண்டும் அலவாங்கு இறைவன் தந்த கருவி, அடியாரின் அல்லலை வாங்கிக்கொள்வதால்தான் அதற்கு அந்தப் பெயர் என்று உருகினார். சனம் கண்ணைத் துடைத்தது. கை உயர்ந்தது. அது பறங்கியர் கொண்டுவந்த சொல், வீட்டிலிருக்கும் மேசை, அலுமாரி, வாங்கு எல்லாம் அதே கப்பலில் வந்தவைதான் என்று கைதூக்கியார் விளக்க, பேச்சாளர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். தன் சமயம், பிறர் சமயம் என்ற பாகுபாடும் அவரிடம் இல்லை. கல்லடியில் ஒரு ஜெபக் கூட்டத்தில் யன்னலைப் பரலோகத்தோடு முடிச்சுப் போட்ட போதகரிடமும் கையை உயர்த்திவிட்டு வந்தார். ஏறாவூரில் சீலைக் கடை வைத்திருந்த முஸ்லிம் நண்பர் மட்டும் ஆதாரத்துக்குப் பதிலாகத் தேத்தண்ணி கொடுத்துச் சமாளித்துவிடுவார்.

ஊருக்கெல்லாம் கை உயர்த்திய மனிதருக்குச் சோதனை சொந்த வீட்டிலேயே வந்தது. சொந்த வீடு என்று சொன்னதே தவறு. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். கைதூக்கியாரும் ஆரையம்பதியிலிருந்து அப்படி வந்த மாப்பிள்ளை. மனைவி பூமணி அக்கா. அக்காவின் அண்ணன்தான் எங்கள் முருகன் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர். கோயிலில் அவர் வைத்ததுதான் சட்டம்.

கோயில் மடத்தில் ஒரு சாய்மனைக் கதிரை கிடந்தது. காலைத் தூக்கிப் போட வசதியாக நீண்ட கைகள் வைத்த பழைய கதிரை. வருடாவருடம் கதிர்காமத்துக்கு நடந்து போகும் யாத்திரிகர்கள் எங்கள் மடத்தில் தங்குவார்கள். வெருகலிலிருந்தும் வாகரையிலிருந்தும் தார் ரோட்டில் நடந்து வந்த கால்கள் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கைதூக்கியார் ஒவ்வொருவராக அந்தக் கதிரையில் சாய வைத்து, தான் ஒரு பலகையில் குந்தியிருந்து, கொப்புளங்களைத் துடைத்து மருந்து கட்டுவார். அந்தச் சில நாட்களில் மட்டும் அவர் கை மேலே போகாது.

மூன்று வருடங்களுக்கு முன் திருவிழாவுக்கு வந்த ஒரு பேச்சாளரின் கண்ணில் அந்தக் கதிரை பட்டுத் தொலைத்தது. கதிர்காமத்துக்குக் கதிரை என்றும் ஒரு பெயர் உண்டல்லவா? கதிரையிலிருந்து வந்த கந்தன் இதில் இளைப்பாறியதால்தான் இருக்கைக்கே கதிரை என்ற பெயர் வந்தது என்று அடித்துவிட்டார். வண்ணக்கருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஒரே கிழமையில் கதிரைக்குக் கண்ணாடிப் பெட்டி, பூட்டு, கலர் பல்பு எல்லாம் வந்துவிட்டன. கைதூக்கியார் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தார். மைக்கை நிறுத்திவிட்டார்கள்.

அந்த முறை யாத்திரிகர்கள் நிலத்தில் இருந்தார்கள். வாகரைப் பக்கத்து வயதான அம்மா ஒருவருக்குக் குந்தவும் முடியவில்லை, குந்தினால் எழும்பவும் முடியவில்லை. பிளாஸ்டிக் கதிரை ஒன்றைப் போட்டார்கள். அது வழுக்கி அம்மாவைக் கவிழ்க்கப் பார்த்தது. கடைசியில் அவர் தூணைப் பிடித்து நின்றபடியே காலைக் காட்டினார். கைதூக்கியார் நிலத்தில் முழங்காலூன்றி மருந்து கட்டினார்.

கதிரையும் அதே கப்பலில் வந்த சொல்தான் என்று காட்ட, மறு கிழமை கோயில் கூட்டத்துக்கு நகரத்திலிருந்து ஒரு பறங்கித் தச்சரை ஓட்டோவில் ஏற்றி வந்தார். பழைய போர்த்துக்கேயப் பேச்சை இன்னும் வீட்டில் பேசுகிற குடும்பம். தச்சர் எழும்பி, "எங்கட வீட்டிலயும் இதக் கதேரா எண்டுதான் சொல்லுவம்" என்றார். கைதூக்கியார் வெற்றிப் பெருமையோடு சபையைப் பார்த்தார்.

வண்ணக்கர் கொஞ்சம் யோசித்தார். பிறகு கண் கலங்கக் கைகூப்பி, "பாத்தீங்களா, முருகன்ட கதிரைப் பேர் பறங்கியன்ட நாடு வரைக்கும் போயிருக்கு" என்றார். சபை அரோகரா போட்டது. தச்சருக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பினார்கள். அடுத்த துண்டுப் பிரசுரத்தில் அதுவும் ஒரு அற்புதமாகச் சேர்ந்துகொண்டது.

வீட்டில் பூமணி அக்கா புருசனோடும் பேசவில்லை, அண்ணனோடும் பேசவில்லை. வீடு அக்காவுடையது என்பதால் கைதூக்கியாரின் உடுப்புப் பெட்டி எப்போது வாசல் படலைக்கு வெளியே வரும் என்று தெருவே பார்த்திருந்தது. அவரிடம் கேட்டேன். "என்னக் கலைச்சாலும் பரவாயில்ல தம்பி. அந்தக் கதிரை வெளியில வரணும்" என்றார்.

அடுத்த வருடம் அதே அம்மா மறுபடி வந்தார், காலில் சீலைத் துண்டைச் சுற்றிக்கொண்டு. வந்ததும் தானாகவே தூணைப் போய்ப் பிடித்தார். அப்போதுதான் பூமணி அக்கா மடத்துக்குள் வந்து அண்ணனிடம் கையை நீட்டினார்.

"திறப்பத் தாங்க. இது அம்மா எனக்கு எண்டு வச்ச கதிரை. நீங்க கலியாணம் முடிச்சுப் போன பிறகு, என்ட கலியாணத்துக்கு முந்தி, நடந்து வாறவங்க இருக்கட்டும் எண்டு நான்தான் மடத்துக்குக் குடுத்தன். சாமிக்கு நான் குடுக்கல்ல."

பாழாய்ப்போன பழக்கம் அந்த நேரத்திலா வர வேண்டும்? கைதூக்கியாரின் கை மெல்ல உயர்ந்தது.

"பூமணி, அதுக்கு என்ன ஆதாரம்?"

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். அண்ணன் கையிலிருந்த திறப்பை வாங்கிப் பெட்டியைத் திறந்து, கதிரையை வெளியே இழுத்துக் கவிழ்த்தார். அடிச் சட்டத்தில் ஒரு சூட்டுக் குறி இருந்தது. அவர்களுடைய தாய்வழிக் குடியின் மாடுகளுக்குச் சுடுகிற அதே குறி. இளவயதில் அந்தக் குறியைக் கன்றுகளுக்குச் சுட்டவரே வண்ணக்கர்தான். அவர் குனிந்து அதைத் தடவிப் பார்த்தார். தானே போய் அந்த அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினார்.

அக்கா புருசனிடம் திரும்பினார். "ஊரெல்லாம் ஆதாரம் கேட்டீங்க. வீட்டில ஒருக்காக் கேட்டிருக்கலாமே?"

கைதூக்கியார் உயர்ந்த கையை இறக்கி, தன் பலகையை அந்த அம்மாவின் காலடிக்கு இழுத்துப் போட்டுக் குந்தினார்.

போன வருடம் நானும் வீறாப்பாக வெருகலிலிருந்து நடந்து வந்தேன். எங்கள் மடத்தை அடைந்தபோது கால் இரண்டும் என்னுடையவையாக இல்லை. அந்தக் கதிரையில் சாய்ந்தேன். கைதூக்கியார் பலகையில் குந்தியிருந்து, என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, கொப்புளத்தில் மருந்தை வைத்தார். உயிர் போய் வந்தது.

"நோகுதா?" என்றார்.

"இல்ல" என்றேன். பச்சைப் பொய். அந்தப் பொய்க்கு மட்டும் அவர் ஆதாரம் கேட்கவில்லை. குனிந்து மெல்ல ஊதிவிட்டார். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.