செக்குநாட்டுப் பங்காளிகள்

எண்ணெய் ஆறாக ஓடியும், குடிமக்களின் தலைக்கு மட்டும் எட்டாத நாடு ஒன்று உண்டு. செக்குநாடு என்பார்கள். அங்கே பழைய சட்டம் ஒன்று இருந்தது: வேலையில் தொழிலாளிக்கு அடிபட்டால், ஆறும்வரை முதலாளியே வைத்தியம் பார்த்துச் சோறும் போட வேண்டும்.

அந்தச் சட்டத்தை நம்பித்தான் ஆவுடையம்மாள் அரசவைக்கு வந்தாள். எள் தள்ளும்போது அவளது இரண்டு விரல்களைச் செக்கு விழுங்கியிருந்தது. தடுப்புக் கட்டை போடுகிறேன் என்று முதலாளி குப்பமுத்து சொல்லிச் சொல்லியே பல தீபாவளி போயிருந்தது.

"வைத்தியம் பாக்கச் சொல்லுங்க சாமி. விட்டா முழங்கையோட எடுக்கணுமாம்."

அமைச்சர் நயம்பாடியார் தொண்டையைச் செருமினார். "இன்று காலை முதல் தொழிலாளி என்ற இழிசொல் நம் நாட்டில் ஒழிக்கப்பட்டது. இனி அனைவரும் பங்காளிகள்!"

அவையே கைதட்டியது. ஒரு கையால் தட்ட முடியாததால் ஆவுடையம்மாள் மட்டும் தட்டவில்லை.

"அப்ப என் கையி?"

"சட்டம் தொழிலாளிக்குத்தானே அம்மா? நாட்டில்தான் தொழிலாளியே இல்லையே!"

அவையில் நின்ற குப்பமுத்து குழைந்தார். "சொந்தச் செக்குல வெரல் போனா யாருகிட்ட கேப்ப, ஆத்தா? அன்னைக்கி எண்ணெயெல்லாம் செவந்துபோச்சு. பங்காளின்னா நட்டத்துலயும் பங்குண்டுல்ல?"

ஆவுடையம்மாளுக்கு, விரலைத் தின்ற செக்கு, இப்போது வாய் திறந்து பேசுவதுபோல் இருந்தது. ஆனால் அவள் பேரம் பேசும் தெருவில் பிறந்தவள். எதிராளி வாயிலிருந்து விழுந்த சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"சபையில பங்காளின்னு சொல்லிட்டீக. சரி. பங்காளிக ஒண்ணு கூடினா பாகம் பிரிக்கிறதுதான எங்க வழக்கம்? செக்குல பாதி என்னுது. உரலா, உலக்கையா? நீங்களே சொல்லுங்க!"

அரசரின் வாயில் மென்ற வெற்றிலை அப்படியே நின்றது. வாசலில் நின்ற மற்ற செக்கு ஆட்கள், "எங்களுக்கும் பாகம்!" என்று குரல் கொடுத்தார்கள். குப்பமுத்துவின் முகம் பிண்ணாக்காயிற்று.

அமைச்சர் ஓடிப்போய் அரசர் காதைக் கடித்தார். திரும்பி வந்தபோது முகத்தில் கருணை வழிந்தது.

"பங்காளி என்ற சொல்லில் சண்டை வாடை வீசுகிறது. எனவே இந்த நொடி முதல் நீங்கள் அனைவரும் முதலாளிமாரின் விருந்தாளிகள்!"

பழக்கதோஷத்தில் சிலர் கைதட்டினார்கள். ஆவுடையம்மாளுக்கு உயிர் வந்தது.

"விருந்தாளின்னா வைத்தியம் பாப்பீகல்ல சாமி?"

"பார்க்காமலா? விருந்தோம்பல் நம் ரத்தத்தில் ஊறியது. ஆமாம், விரல் போய் எத்தனை நாளாயிற்று?"

"இன்னையோட நாலு."

"அடடா!" அமைச்சர் மெய்யாகவே வருந்தினார். "விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்களே, அம்மா."

காவலர்கள் கதவை விரியத் திறந்தார்கள். அத்தனை வருஷத்தில் அவளை ஒருநாளும் 'நீங்க' என்றிராத குப்பமுத்து, வாசல்வரை கூடவே வந்து கைகூப்பினார்.

"போயிட்டு வாங்க!"