கை ஆடுதுன்னு சொல்லி வாங்கின பைனாகுலர்

உட்காருங்கப்பா. எல்லாரும் உட்காருங்க. பெஞ்சுல இடம் இல்லன்னா அந்த ரெண்டாவது நாற்காலி காலியாத்தானே கிடக்கு? போஸ்ட்மேன் சார், ஏன் அதைப் பார்த்ததும் பின்னாடி போறீங்க? சும்மா உட்காரத்தான் சொன்னேன், சவரம் பண்றேன்னு சொல்லல. சரி, நின்னுக்கங்க. ஆனா பேச்சை நிறுத்துங்க. நான் பேசப் போறேன்.

இதோ, முகம் பூரா நுரையோட சாஞ்சிருக்காரே, இவர் என் மாமனார். பேச மாட்டார். நுரை இருக்கறதால இல்ல, நுரை இல்லன்னாலும் பேச மாட்டார். கல்யாணத்தன்னைக்கு என்னைப் பார்த்து “வாங்க”ன்னு சொன்னார். அடுத்து என்ன சொல்றதுன்னு இன்னும் யோசிச்சுட்டிருக்கார்.

இவர் கழுத்துலதான் இப்ப நான் கத்தி வைக்கப் போறேன். நீங்க எல்லாரும் சாட்சி. ஒரு கீறல் விழுந்தா இந்த சலூனைப் பூட்டிட்டு நான் வேற பொழப்பு பார்க்கணும். இந்த நிலைமைக்கு எப்படி வந்தேன்? கேளுங்க.

எனக்கு வேண்டியிருந்தது ஒண்ணே ஒண்ணுதான். லீவு நாள்ல சும்மா இருக்கணும். வாரம் பூரா நின்னுக்கிட்டே வேலை. ராத்திரி படுத்தா கால் ரெண்டும் பக்கத்து வீட்டுக்காரன் கால் மாதிரி இருக்கு. ஆனா லீவு நாள் விடிஞ்சதும் என் வீட்டம்மா என்ன பண்ணுவா தெரியுமா? சுவத்துல மாட்டியிருக்கற ஏணியை இறக்குவா. டங்குன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கே எனக்கு முதுகு புடிச்சுக்கும். ஏணி இறங்கினா நான் ஏறணும். ஃபேன் துடைக்கணும், ஒட்டடை அடிக்கணும், பரணை ஒழிக்கணும். ஒழிச்ச பரணை மறுபடியும் அடைக்கணும்.

அப்பதான் ஒருத்தர் முடி வெட்ட வந்தார். பறவை பார்க்கறவராம்.

“நாங்க பார்க்கும்போது யாரும் பக்கத்துல பேசக் கூடாதுங்க. பேசினா பறந்துடும்.”

என் கத்திரிக்கோல் அப்படியே நின்னுச்சு.

“பொண்டாட்டி பேசினா?”

“அப்பவும் பறந்துடும்.”

“யாரு, பொண்டாட்டியா?”

“பறவைங்க!”

அது போதும். அன்னைக்கே முடிவு பண்ணேன். இனிமே நான் பறவை பார்க்கற ஜாதி.

நேரா கடைக்குப் போனேன். பைனாகுலர் விக்கறவர், “எத்தனை மடங்கு வேணும்?”னார். “இருக்கறதுலயே பெருசா குடுங்க”ன்னேன். பன்னெண்டு மடங்கு ஒண்ணு குடுத்தார். எதிர்த்தாப்புல இருக்கற போர்டைப் பார்த்தேன். எழுத்தெல்லாம் கல்யாண ஊர்வலத்துல ஆடற மாதிரி ஆடுது.

“பெருசாக்கினா போர்டு மட்டும் பெருசாகாது சார், உங்க கை ஆட்டமும் சேர்ந்து பெருசாகும். மூச்சு விட்டாலே ஆடும். இப்ப இதை எடுங்க. மேல ஒரு பட்டன் இருக்கு, அமுக்குங்க.”

அமுக்கினேன். வாத்தியார் உள்ள வந்த வகுப்பு மாதிரி எழுத்தெல்லாம் கப்சிப்புனு வரிசையில நின்னுச்சு!

“உள்ள இருக்கற கண்ணாடி தானா நகர்ந்து உங்க கையைச் சரிக்கட்டிடும். பேட்டரி போடணும், கொஞ்சம் கனமா இருக்கும். நீங்க மூக்குக்கண்ணாடி போட்டிருக்கீங்க, இந்த ரப்பரை மடிச்சு விட்டுக்கங்க.”

நான் அதெல்லாம் எங்க கேட்டேன்? அமுக்கினா ஆட்டம் நிக்கற பட்டன்! என் வீட்டுல ஒரு பொருளுக்காவது, ஒரு ஆளுக்காவது அப்படி ஒரு பட்டன் உண்டா?

மாமா, கன்னத்தை இப்படித் திருப்புங்க. ஆங். பார்த்தீங்களா, ஒரு பக்கம் முடிஞ்சுது, ஒரு சொட்டு ரத்தம் இல்ல.

வீட்டுல போய் மெதுவா சொன்னேன்.

“எதுக்குங்க அவ்ளோ விலையில? எங்கப்பாவோட பைனாகுலர் பரண்ல சும்மாத்தானே கிடக்கு?”

“அது ஆடும்மா.”

“பைனாகுலர் எப்படிங்க ஆடும்? புடிக்கற கைதான் ஆடும்.”

“அதைத்தான் சொல்றேன். என் கை ஆடுது.”

சொல்லிட்டு, கையில இருந்த தண்ணி டம்ளரைக் கொஞ்சம் ஆட்டியும் காமிச்சேன். சட்டையெல்லாம் நனைஞ்சுது.

“எப்பலேர்ந்துங்க?”

“கொஞ்ச நாளா. ஏணி மேல ஏறினா ரொம்ப ஜாஸ்தி.”

அவ என்னைப் பார்த்தா. ஏணியைப் பார்த்தா. “பாவம், வாங்கிக்கங்க”ன்னா. இத்தனை வருஷத்துல அவ அவ்ளோ சீக்கிரம் ஒத்துக்கிட்டதே இல்ல. அங்கயே நான் பயந்திருக்கணும்.

வாங்கினேன். லீவு நாள். மொட்டை மாடி, தண்ணித் தொட்டி நிழல், ஒரு நாற்காலி. பட்டனை அமுக்கினேன். எதிர் வீட்டு ஆன்டெனா மேல ஒரு காக்கா. மூக்கு மேல இருக்கற கோடு வரைக்கும் தெரியுது. அதுவும் சும்மா இருந்துச்சு, நானும் சும்மா இருந்தேன். ஏணிச் சத்தம் இல்ல. அப்படியே தூங்கிட்டேன். என் வாழ்க்கையிலயே நல்ல நாள் அதுதான்.

மறுநாள் கடையைத் திறந்தேன். நீங்கதான் வந்தீங்க, ஞாபகம் இருக்கா வாத்தியாரே? என் கையைப் புடிச்சுக்கிட்டு, “தைரியமா இருங்க”ன்னீங்க. “சவரமா?”ன்னேன். “இல்லப்பா, பேப்பர் படிச்சுட்டுப் போறேன்.” போஸ்ட்மேன் வாசல்லயே நின்னு தாடியைத் தடவிப் பார்த்துட்டு, “இதுவும் நல்லாத்தான் இருக்கு”ன்னு போயிட்டார். பால்காரர் அடுத்த தெரு சலூனுக்குப் போனதை என் கண்ணால பார்த்தேன். பட்டனை அமுக்காமலே தெளிவாத் தெரிஞ்சுது.

வீட்டுக்கு ஓடினேன்.

“யாருகிட்டம்மா என்ன சொன்னே?”

“மாடி வீட்டு அக்காகிட்ட மட்டும்தாங்க. அவருக்குக் கை ஆடுது, பாவம்னு.”

மாடி வீட்டு அக்காகிட்ட சொன்னா மைக்குல சொன்ன மாதிரி.

“ஐயோ, என் கை ஆடலன்னு போய்ச் சொல்லும்மா!”

“ஆடலையா? டம்ளரெல்லாம் ஆடுச்சே?”

“ஆடவே இல்ல!”

“அப்படியா? மாடிக்கு வாங்க.”

பரண்லேர்ந்து அவங்கப்பாவோட பைனாகுலரை எடுத்துக் குடுத்தா. தூரத்துல ஒரு கட்டடம் கட்டறாங்க.

“அந்த போர்டைப் படிங்க.”

முழங்கையைச் சுவர்ல ஊணினேன். பொழப்பு போயிடும்னா கை எப்படிங்க ஆடும்? “தலைக்கவசம் இன்றி உள்ளே வரக் கூடாது.”

“அதுக்குக் கீழ, சின்ன எழுத்து?”

“அனுமதி பெற்று வரவும்.”

“ஆடுதா?”

“கல்லு மாதிரி நிக்குதும்மா!”

“அப்ப அந்தப் புதுசு எதுக்குங்க?”

கை ஆடுதுன்னா கடை போச்சு. ஆடலன்னா பைனாகுலர் போச்சு. புது பைனாகுலரை நானே எடுத்துக் குடுத்தேன். அவ கழுத்துல மாட்டிக்கிட்டு, என் நாற்காலியில உட்கார்ந்து, பட்டனை அமுக்கினா.

“ஏம்மா…”

“உஷ்! பேசினா பறந்துடும். கீழ பாத்திரம் கிடக்கு, போங்க.”

இறங்கும்போது பின்னாடியே குரல் வருது: “நான் சொன்னா யாருங்க நம்புவா? அப்பாவை அனுப்பறேன், எல்லாரையும் வெச்சுக்கிட்டு சவரம் பண்ணுங்க.”

அதான் இன்னைக்கு இந்தக் கூட்டம். திரும்பிப் பார்க்காதீங்க, எங்க வீட்டு மாடியிலேர்ந்து அந்த பைனாகுலர்ல நம்ம வாசல் நல்லாத் தெரியும்.

கடைசியா தொண்டைக்குழி. மாமா, எச்சில் முழுங்காதீங்க. இதோ… இதோ… முடிஞ்சுது! துண்டால துடைக்கறேன், எல்லாரும் கிட்ட வந்து பாருங்க. கீறல் இருக்கா? எறும்பு கடிச்ச அளவுக்காவது? ஆகா, போஸ்ட்மேன் ரெண்டாவது நாற்காலியில உட்கார்ந்துட்டார்! பொழைச்சேன்!

மாமா, நீங்களே உங்க வாயால சொல்லுங்க. என் கை ஆடுச்சா?

மாமனார் கன்னத்தைத் தடவினார். கண்ணாடியில இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். மெதுவா எழுந்து செருப்பை மாட்டினார்.

“கைக்கு ஒண்ணும் இல்ல மாப்ளே. ஏணியை இறக்கி வெச்சுட்டுத்தான் வந்தேன்.”