ட்ரான்சிட் அண்ணையின் பதினொரு மணித்தியாலம்

விமானத்தில் காலே வைக்காமல் உலகத்தை அதிக தடவை சுற்றி வந்தவர் கொழும்பு வெள்ளவத்தையில் ஒருவர்தான். எங்கள் மேல்மாடி ட்ரான்சிட் அண்ணை.

காலி வீதியில் ஒரு பயண முகவர் கடையில் முப்பது வருடம் டிக்கெட் எழுதியவர். யாரைக் கண்டாலும் எங்கே விமானம் மாறுவது என்று சொல்லிச் சொல்லியே 'ட்ரான்சிட்' ஆனவர்; சொந்தப் பெயரைத் தபால்காரரும் மறந்துவிட்டார். "மகன் ரொறன்ரோவில சுகமா இருக்கிறான்" என்று யாராவது சொன்னால் போதும்.

"பதினாலாயிரம் கிலோமீற்றர். டோஹாவில மாறினா இருபத்திரண்டு மணித்தியாலம்!"

மகனுடைய சுகத்தை அவர் விசாரித்ததாக ஞாபகம் இல்லை.

என் அம்மா, ரொறன்ரோவில் இருக்கும் என் அக்காவிடம் தனியாகப் புறப்பட்டபோது, பயிற்சி தருவதாக அண்ணை இறங்கி வந்தார். எங்கள் விறாந்தையில் சுவரைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் கதிரை. உட்கார்ந்தால் முழங்கால் சுவரில் முட்டும். என்னுடைய பெல்ற்றால் அம்மாவைக் கதிரையோடு கட்டினார். சின்னத் தட்டில் இரண்டு இடியப்பம் கொடுத்தார்.

ஒரு மணித்தியாலம் போனது.

"தம்பி, எழும்பட்டோ?" என்று அண்ணையைக் கேட்டார் அம்மா.

"இன்னும் கொச்சியே தாண்டேல்லை அக்கா, இருங்கோ!"

அம்மா ரொறன்ரோவில் இறங்கி முதலில் சொன்னது இதுதான்: "ப்ளேன் ஒரு பிரச்சினையும் இல்லை. அந்த மனுசன்ரை கதிரையிலதான் நாரி, இடுப்பெல்லாம் முறிஞ்சது."

இப்படிப்பட்டவரை லண்டனில் இருந்த ஒரே மகள் ஆறு வருடமாகக் கூப்பிட்டாள். ஒருமுறை எதிர்க்காற்று கூடுதல் என்றார். இன்னொருமுறை, அந்த ரகத்து விமானத்தில் தனக்கு நம்பிக்கையில்லை என்றார். மனைவி இல்லாத மனிதர், தனியே வீட்டில் இருந்து அட்லஸ் புரட்டினார்.

போன மாதம் மகளுக்குப் பெண் குழந்தை. மருமகன் டிக்கெட் அனுப்பிவிட்டான். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். வழியெல்லாம், "எண்ணாயிரத்து எழுநூறு கிலோமீற்றர், பதினொரு மணித்தியாலம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். உள்ளே போகும் வாசலில் என் கையைப் பிடித்தார்.

"தூரமெல்லாம் எனக்குத் தெரியும் தம்பி. ஆனா கீழ ஒண்டுமே இல்லையே!"

அவர் பயந்து நான் பார்த்ததில்லை. "அங்கை பேத்தி இருக்கிறாள், அண்ணை" என்றேன்.

என் கையை விட்டார். பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

அடுத்த நாள் காலை போன் வந்தது.

"பயணம் எப்பிடி அண்ணை?"

"பிள்ளை என்ரை விரலைப் பிடிச்சுக்கொண்டு படுத்திருக்கு. அசையேலாது. பிறகு கதைக்கிறன்" என்று ரகசியக் குரலில் சொல்லி வைத்துவிட்டார்.

அவர் திரும்பி வர இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.