பெட்டிக்குள் நாகலிங்கம்

லண்டனிலிருந்து பிணத்துக்கென்று வந்திருந்த கோட்டுக்குள் இரண்டு நாகலிங்கம் நுழையலாம் போலிருந்தது.

"முதுகுப் பக்கமா இழுத்துப் பிடிச்சு ஊசி குத்தச் சொல்லு. மல்லாக்கப் படுக்கப் போறவன்தானே, பின்னாடி யாரு பாக்கப் போறா?" என்றார் கலீலுர் ரஹ்மான்.

லாண்டரியில் வேலை பார்க்கும் வங்காளி வரிசையாக ஊசி குத்தினான். கோட்டு பொருந்திவிட்டது. ஆனால் நாகலிங்கம் கொஞ்சம் திரும்பினாலும் முதுகில் சுருக் சுருக்கென்று ஏறியது.

"பாய், அசைஞ்சா குத்துது."

"அதுவும் நல்லதுக்குத்தான்."

கலீலுர் ரஹ்மான் கீழக்கரைக்காரர். குவைத்தில், கடலோரத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றில் விருந்து மேனேஜர். குளிர்காலம் வந்தால் இங்கிலாந்திலிருந்து நாடகக்காரர்களை வரவழைத்து, சாப்பாடும் நாடகமுமாகச் சேர்த்து டிக்கெட் போடுவார். அந்த வருஷம் வந்தவர்கள் இரண்டே பேர். பேசுகிறவர் மிஸ்டர் வார்ட்லி. சவப்பெட்டியில் படுக்கிறவர் மிஸ்டர் கிப்ஸ். வந்து இறங்கியதும் கிப்ஸ் எங்கேயோ இறால் சாப்பிட்டு ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கேயோதான், நம்ம கிச்சனில் இல்லை என்று ரஹ்மான் கேட்காதவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிப்ஸுக்குப் பதிலாக முதலில் ஒரு பிலிப்பைன்ஸ் வெயிட்டரைப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். அவன் பெட்டிக்குள் போனதிலிருந்து சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினான். சிரிக்கவே மாட்டாத ஆள் யார் என்று ரஹ்மான் சுற்றிலும் பார்த்தபோது, மேஜை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த நாகலிங்கம் கண்ணில் பட்டான்.

முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன். போன வாரம் அவனுடைய அப்பா செத்துப்போயிருந்தார். சீசன் நேரத்தில் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எடுக்கும்போது ஊரில் யாரோ செல்போனை அப்பாவின் காதருகே பிடித்தார்கள். "எந்திரிங்க, மகன் போன்ல இருக்கான், எந்திரிச்சு ஒரு வார்த்தை பேசுங்க" என்று அம்மா கதறியதை, நாகலிங்கம் ஹோட்டலின் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று கேட்டான். பிறகு கார்டில் காசு தீர்ந்து லைன் அறுந்துபோயிற்று.

"பொணமாவா பாய்? வேற யாரையாவது பாருங்க. வீட்டுல இப்பதான்..."

"தெரியும்பா. அதனாலதான் சொல்றேன். இன்னைக்கு ஒரு நாள் படு. சனிக்கிழமை உன்னை ஃப்ளைட் ஏத்தி விடுறேன். புதன்கிழமை கருமாதிக்கு ஊர்ல நிப்ப. பாஸ்போர்ட் வாங்கித் தர்றது என் பொறுப்பு."

நாகலிங்கம் பெட்டியில் ஏறிப் படுத்தான்.

அவன் கறுப்பு, கிப்ஸ் வெள்ளை. கேக் பிரிவிலிருந்து மைதா மாவு கொண்டுவந்து முகத்தில் பூசினார்கள். மாவு மூக்கில் ஏறித் தும்மினான். தும்மியதில் முதுகு ஊசிகள் குத்தி அலறினான். தும்மல் வராமலிருக்க மூக்கில் பஞ்சு வைக்கலாம் என்று அவனே வழி சொன்னான். ஊரில் வைப்பதுதானே. பஞ்சு வைத்ததும் பிணக்களை வந்துவிட்டது. லாண்டரி வங்காளி தள்ளிப்போய் நின்றுகொண்டான்.

அப்போதுதான் வார்ட்லி வந்தார். எழுபது வயதிருக்கும். நீளமான, தொங்கிப்போன முகம். பெட்டியருகே குனிந்து, கைகளை மேலும் கீழும் ஆட்டி, பெட்டியைத் தட்டிக் காட்டி, மூக்கைத் தொட்டுக் காட்டி, வெகு நேரம் இங்கிலீஷில் பேசினார். நாகலிங்கத்துக்குத் தெரிந்த இங்கிலீஷ் சாப்பாட்டு மேஜையோடு முடிந்துவிடும். எல்லாவற்றுக்கும் "எஸ் சார்" என்றான்.

அவர் போனதும், "என்ன சொல்றாரு பாய்?" என்று கேட்டான்.

ரஹ்மான் காதில் போன் வைத்திருந்தார். "என்ன சொல்லுவாரு? பொணம் என்ன செய்யும்? என்ன நடந்தாலும் அசையாமக் கிட."

போனை வைத்துவிட்டு அவராகவே தொடர்ந்தார். "பாவம் அந்த மனுஷன். முப்பது வருஷத்துக்கு முந்தி லண்டன் டி.வி.ல பஸ் கண்டக்டரா ஒரு சிரிப்புத் தொடர்ல நடிச்சாரு. அதோட மூஞ்சி ஒட்டிக்கிச்சு. பொறவு ராஜா வேஷம், பாதிரியார் வேஷம், கொலைகாரன் வேஷம் எல்லாம் போட்டுப் பாத்தாரு. எதுல வந்தாலும் கண்டக்டர் வந்துட்டான்னு சிரிக்கிறாங்களாம். மத்த வேலை ஒண்ணும் எடுபடல."

"இன்னைக்கும் சிரிப்பாங்களா?"

"இன்னைக்கு டிக்கெட் வாங்கினது முக்காவாசி அமெரிக்கக் கம்பெனி. அங்க அதே கதைய வேற ஆளைப் போட்டு எடுத்துட்டாங்க. அவங்களுக்குக் கண்டக்டர்னா அந்த ஆளுதான். இவரை யாருன்னே தெரியாது. அதான் எனக்குப் பயமா இருக்கு."

நாடகம் தொடங்கியது. நாகலிங்கம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். வார்ட்லி உள்ளே வந்ததும் மூலையில் நாலைந்து இங்கிலீஷ்காரர்கள் சிரித்தார்கள். மற்ற மேஜைகளில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

வார்ட்லி பெட்டியருகே உட்கார்ந்து என்னென்னவோ பேசினார். பிறகு பெட்டியைத் தட்டினார். ஒப்பாரிக்கு முன்னால் மாரில் அடித்துக்கொள்வது மாதிரி என்று நாகலிங்கம் நினைத்துக்கொண்டான். மறுபடி தட்டினார். ஒரு பூவை எடுத்து மூக்கில் தடவினார். பஞ்சு காப்பாற்றியது. பிறகு ரொட்டித் துண்டொன்றை அவன் வாயருகே கொண்டுவந்து வெகு நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரனுக்கும் வாய்க்கரிசி உண்டு போலிருக்கிறது. நாகலிங்கம் உதட்டைப் பிரிக்கவில்லை. கால் கட்டைவிரலை அழுத்திக் கிள்ளினார். விரல் கட்டுகிறார், கட்டட்டும் என்று பொறுத்துக்கொண்டான்.

வார்ட்லிக்கு மூச்சு வாங்கிற்று. காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"கெட் அப்."

அது நாகலிங்கத்துக்குத் தெரிந்த வார்த்தை. தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் தினமும் காலையில் கதவைத் தட்டிச் சொல்லும் வார்த்தை.

"கெட் அப். ப்ளீஸ். கெட் அப்."

எந்திரி. ஒருமுறை எந்திரி. குரல் உடைந்து, ஏறி, கெஞ்சியது. கிழவர் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். ஊசிகள் ஒவ்வொன்றாக முதுகில் இறங்கின. இப்படிக் கூப்பிட்டால் செத்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்றால், அம்மா கூப்பிட்டதற்கு அப்பா எழுந்திருக்கமாட்டாரா? நாகலிங்கம் அசையவில்லை. ஆனால் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து, மைதா மாவில் இரண்டு கோடு போட்டுக்கொண்டு காதுக்குள் இறங்கியது. அதை அவனால் நிறுத்த முடியவில்லை.

கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. முன்வரிசையில் ஒரு பெண் விசும்பினாள். இன்னொருத்தி. பிறகு ஒரு ஆம்பிளை மூக்கை உறிஞ்சினான். மூலையிலிருந்த இங்கிலீஷ்காரர்களிடம் சத்தமே இல்லை. வார்ட்லி பெட்டியின்மேல் தலையைச் சாய்த்து, பேச ஒன்றுமில்லாமல், அப்படியே கிடந்தார். திரை விழுந்தது.

திரைக்குப் பின்னால் அவர் நாகலிங்கத்தின் சட்டையைப் பிடித்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் அவன் நினைத்தான். வெளியே கைதட்டல் நிற்கவில்லை. அவர் சட்டையை விட்டுவிட்டு வெளியே போய்க் கும்பிட்டு வந்தார். மறுபடி போனார். மூன்றாம் தடவை திரும்பி வந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. நாகலிங்கத்தின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"இப்படியே செய்யணுமாம். இம்மிகூட மாத்தக் கூடாதாம்," என்றார் ரஹ்மான்.

"இனிமே என்ன பாய் செய்யிறது? நாளன்னைக்கு நான் ஊருக்குப் போறேன்ல."

ரஹ்மான் அவன் மூக்கிலிருந்த பஞ்சை எடுத்துக் குப்பையில் போட்டார்.

மறுநாள் பதில் வந்தது. "முன்வரிசையில இருந்த அமெரிக்கக் கம்பெனி அம்மா அழுது தீத்துட்டாங்கப்பா. அடுத்த வாரம் பூரா ஹாலை அவங்களே எடுத்துக்கிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்? பெரிய மேனேஜர் உன் பாஸ்போர்ட்டை உள்ள வச்சுப் பூட்டிட்டாரு."

"கருமாதி பாய். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது."

"பங்காளிங்க இருப்பாங்கள்ல? உங்கப்பா மேலேருந்து பாத்தா புரிஞ்சுக்குவாரு."

"எதைப் பாப்பாரு? நான் பெட்டிக்குள்ள கிடக்கிறதையா?"

ரஹ்மான் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். சனிக்கிழமை ஃப்ளைட் அவன் இல்லாமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை நாகலிங்கம் மறுபடி படுத்தான். மறுபடி அழுதான். மறுபடி கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் லாபி சோபாவில் பருத்த வெள்ளைக்காரர் ஒருவர் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். கிப்ஸ். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். நாகலிங்கம் நேராக ரிசப்ஷனுக்கு ஓடினான். அங்கே இருந்த ராதா குவைத்திலேயே, அப்பாசியாவில் பிறந்து வளர்ந்த பெண். தமிழைவிட இங்கிலீஷ் அவளுக்குச் சுலபம்.

"ராதா, அந்தப் பெரியவர்கிட்ட எனக்காக ஒண்ணு கேளும்மா. அவரு வேஷத்தத்தான் நான் போடுறேன். நாளைலேருந்து அவரு படுத்தா, நான் பெரிய மேனேஜர் காலுல விழுந்தாவது ஃப்ளைட்டைப் பிடிச்சுடுவேன். சும்மா படுத்துக் கிடக்கிறதுல அவருக்கு என்ன கஷ்டம்?"

"கேக்கறேன் அண்ணா. டென்ஷன் ஆகாதீங்க. நான் அந்த ஷோ பாக்கவே இல்ல, டூட்டில இருந்தேன்."

அவள் போய்க் கேட்டாள். கிப்ஸ் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உற்சாகமாகப் பேசத் தொடங்கினார். நடுவில் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக் காட்டினார். ராதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் தூணோரம் நின்ற நாகலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றுபோயிற்று.

மெதுவாக நடந்து வந்தாள்.

"என்னம்மா சொன்னாரு? படுப்பாராமா?"

"சும்மா படுத்துக் கிடக்க அவருக்குத் தெரியாதாம் அண்ணா. அது செத்தவன் வேஷமே இல்லையாம், பொண்டாட்டிக்குப் பயந்து செத்த மாதிரி படுத்திருக்கவனாம். வார்ட்லி 'எந்திரி'ன்னு சொன்னதும் எந்திரிச்சு எல்லாரையும் சிரிக்க வைக்கணுமாம்."